கப்பலுக்கு மாஸ்டர் யாரு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. போதும், போதும். நீங்க நாகர்கோவிலா? நான் திருவனந்தபுரம். டிக்கெட்டு அதுவரைக்கும்தான் எடுத்திருக்கேன், ஆனா திருநெல்வேலில எறங்கினாலும் எறங்கிருவேன். அது இப்ப ஒங்க கைலதான் இருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் ஒரு வழக்கு, நேத்துக் காலைலருந்து நடக்கு. நான் மறுபடி வெளிநாடு போகணும்னு நிக்கேன். அவ போகக்கூடாதுங்கா. வீட்ல மூணு வயசு ஆகப்போற புள்ள இருக்கு. நான் நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், யாரு பக்கம் ஞாயம்னு நீங்க சொல்லணும். அவ பக்கம்னா திருநெல்வேலில எறங்கி எதிர் பஸ்ஸைப் புடிச்சு கோவில்பட்டிக்கே போயிருதேன். எம் பக்கம்னா நாளைக்குப் பிளேன் ஏறிருதேன். எந்த ஊருக்குன்னு மட்டும் கேக்காதீங்க, பேரை வெளிய சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அரபிக்காரங்க துறைமுகம், அவ்வளவுதான்.

எம் பேரு சுடலைமணி. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா எங்க தெருவுலயே முழிப்பானுவ. மாஸ்டர்னு கேக்கணும். பத்தொம்பது வயசுல பரோட்டாக் கல்லு முன்னால நின்னேன், அன்னிலருந்து மாஸ்டர்தான். மளிகைக் கடைல மாஸ்டர், சலூன்ல மாஸ்டர், எங்க மாமனாரு எங் கல்யாணத்தன்னைக்கே "மாஸ்டருக்கு எலையைப் போடுங்கப்பா"ன்னாரு. டீ போடுதவன் டீ மாஸ்டர், பரோட்டா போடுதவன் பரோட்டா மாஸ்டர். நம்ம பக்கம் இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க. இதை மனசுல வச்சுக்கிடுங்க. எம் பொழப்பு மாட்டுனதே இதுலதான்.

கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு செண்பகம் முழுகாம இருந்தா. செண்பகவல்லி, எம் பொண்டாட்டி. ரெண்டு மாசம். அந்த நேரம் பாத்து தூத்துக்குடில ஒரு ஏஜெண்டு, ஒரு கப்பலுக்கு சமையக்காரன் வேணும், ஆறே மாசம்தான், போயிட்டு வந்துருன்னான். நான் கணக்குப் போட்டேன். ஆறு மாசம்னா புள்ள பொறக்கதுக்கு முன்னால வந்துரலாம். செண்பகம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. ஆறு மாசத்துக்கு எதுக்குடி இந்தப் பாடுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். போயி மூணு வருசம் ரெண்டு மாசம் ஆச்சு திரும்பி வர.

கப்பல் பேரு ஃபினோலா. அயர்லாந்து நேவில இருந்த கப்பல். பெரிய போர்க்கப்பல்னு நெனைச்சிராதீங்க, ரோந்துக் கப்பல். அறுபது மீட்டரு நீளம் இருக்கும். பீரங்கி இருந்த எடத்துல வட்டமா துருதான் இருந்துச்சு. அயர்லாந்துக்காரன் வயசாயிட்டுன்னு ஏலம் போட்டு, அதை ஒருத்தன் வாங்கி, அவங்கிட்ட இன்னொருத்தன் வாங்கி, மூணாவது மொதலாளி அதை வேற எவங்கிட்டயோ தள்ளிவிடணும்னு ஏழு பேரை ஏத்தி அனுப்புனான். அதுல சமையலுக்கு நான். அந்தப் பேரு யாரு தெரியுமா, அவங்க ஊரு கதைல வார ராசா மகளாம். சாபத்துல அன்னமாகி தொள்ளாயிரம் வருசம் தண்ணிலயே கெடந்தவளாம். கேப்டன் சொன்னாரு. கப்பலுக்கு வைக்க வேற பேரு கெடைக்கலையா இவனுவளுக்குன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

ஆபீசருங்க சாப்புடுத ரூம்பு செவுத்துல ஒரு பித்தளைப் பலகை. கப்பல் பாத்த உத்தியோகம் பூராம் அதுல வரி வரியா வெட்டியிருக்கும். எனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனா மூணு வருசம் ஒரே பலகையை எழுத்துக்கூட்டினா மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்? தண்ணில எறக்குனது எழுவத்தொம்பது. எம்பதுல கொடி ஏத்துனது. எம்பத்தி மூணுல எல்லை தாண்டி மீன் புடிச்ச ஸ்பெயின்காரன் படகைத் தொரத்திக் கரைக்குக் கொண்டாந்தது. எம்பத்தி ஆறுல புயல்ல மாட்டுன பாய்மரப் படகுல இருந்து அஞ்சு பேரை உசுரோட தூக்குனது. ஒரு வருசம் ஏதோ தீவுக்கு ஓட்டுப் பெட்டி கொண்டு போயிருக்கு. முப்பது வருசத்துல மொத்தம் நூத்திப் பதினெட்டுப் படகு புடிச்சிருக்கு. நம்ம ராமேஸ்வரத்து ஆளுகளைப் புடிக்கானுவள்லா, அதே வேலைதான். புடிச்சாந்து துறைமுகத்துல கட்டிப் போடுதது. அந்தப் படகுல எல்லாம் சமையக்காரன்னு ஒருத்தன் இருந்திருப்பாம்லா, அவன் என்ன ஆனான்னு பலகைல எங்கயும் போடலை. கடைசி வரி கொடி எறக்குன தேதி. அதுக்குக் கீழ ஒரு சாண் எடம் காலி.

அந்தத் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு டீசலுக்குக் காத்துக் கெடந்தோம். ஒரு வாரம், ரெண்டு வாரம். மொதலாளி போனை எடுக்கலை. துறைமுகத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டலை. கேப்டன் நேர்ல போயி மொதலாளியப் பாத்துட்டு வாரேன்னு கப்பல் பேப்பரெல்லாம் இருந்த பையைத் தூக்கிட்டு போட்டுல எறங்குனாரு. ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருந்தாரு. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். மனுசன் போனவரு போனவருதான். யாரு என்ன வேலைன்னு எழுதுன லிஸ்டும் அந்தப் பையிலயே போயிட்டு. அப்புறம் நாலு பேரு அவங்கவங்க ஊரு எம்பசியப் புடிச்சு ஓடிட்டானுவ. மிஞ்சுனது நானும் இஞ்சின் ரூம்புல பிஸ்வால்னு ஒரு ஒடிசாக்காரனும்.

ஒரு புதன்கெழமை காலைல யூனிஃபாரம் போட்ட மூணு பேரு வந்தானுவ. பிஸ்வால் கீழ கெடக்கான். நான் மாவு பெசைஞ்ச கையைத் தொடைச்சுக்கிட்டே வெளிய வாரேன். அதுல பெரியவரு என்னைப் பாத்து, "ஹூ இஸ் மாஸ்டர்?"னு கேட்டாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனைச்சுப் பாருங்க. ஊரு விட்டு ஊரு வந்து, கடலு தாண்டி வந்து, ஒருத்தன் மாஸ்டர் யாருன்னு கேக்கான். நம்மளத் தேடித்தான வந்திருக்கான்னு ஒரு சந்தோசம். நெஞ்சைத் தட்டி, "மீ சார், மீ மாஸ்டர்"னேன். பேப்பரை நீட்டுனாரு. அரபில இருந்துச்சு. தமிழ்ல நல்லா நீட்டி கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். கைய வேற குலுக்குனாரு.

கேப்டனுக்குப் பேப்பர்ல மாஸ்டர்னு பேருன்னு எனக்கு எவன் சொன்னான்? கப்பல்ல எல்லாரும் கேப்டன், கேப்டன்னுதான் கூப்புடுதானுவ. மூணு வாரத்துல பிஸ்வாலுக்கு, அவங்க வாங்கி வச்சிருந்த பாஸ்போர்ட் திரும்பி வந்து ஊரு போயிட்டான். எனக்கு வரலை. கப்பலைக் கோர்ட்டு புடிச்சு வச்சிருக்காம், தீர்ப்பு ஆகுத வரைக்கும் மாஸ்டர் கப்பலை விட்டு எறங்கக் கூடாதாம். அப்பத்தான் போட்டுக்காரன் ஒருத்தன் எனக்கு விளக்குனான். நான் படியிலயே உக்காந்துட்டேன்.

கயத்தாறு தாண்டிட்டமா? சரி, வெரசா சொல்லுதேன்.

தனியாக் கெடந்தேன் அண்ணாச்சி. இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசிக்கு எழுவத்தெட்டு எட்டு. கரை தெரியும். காரு போறது தெரியும். லீவு நாள்ல குடும்பம் குடும்பமா பாறைல வந்து உக்காந்து சாப்புடுவாங்க, புள்ளைங்க எனக்குக் கையசைக்கும். நானும் அசைப்பேன். இங்க மாட்டிக்கிட்டுக் கெடக்கேன்னு கையசைச்சுச் சொல்ல முடியாதுல்லா. பின்பக்கம் கயிறு கட்டுத இரும்புக் கட்டை மேல ஏறி நின்னாத்தான் போன் சிக்னல் எடுக்கும். எம் புள்ள பொறந்த சேதியை அது மேல நின்னுதான் கேட்டேன். பொம்பளப் புள்ள, தன்ஷிகான்னு பேரு வச்சிருக்குன்னாங்க. எனக்கு அந்தப் பேரு வாயில நொழையலை. தாயின்னுதான் கூப்புடுவேன். அன்னைக்கு கீழ எறங்கி வந்து கதவை எல்லாம் சாத்திட்டு அழுதேன். சாத்தி என்ன, சாத்தாட்டி என்ன, கேக்க யாரு இருக்கா.

அந்தப் பெரிய ஆபீசர், பேரு கமால். எம் பொண்டாட்டி அவரைக் கடங்காரன்பா. தங்கமான மனுசன். வாரத்துக்கு ஒருக்க வந்து பாப்பாரு. நான் கால்ல விழாத கொறையா, சார் நான் கேப்டன் இல்ல, சமையக்காரன்னு தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். அவரு சிரிச்சாரு. மாட்டுத கேப்டன் எல்லாம் சமையக்காரன்னுதான்பா சொல்லுதான்னாரு. எனக்கு ரோசம் வந்துட்டு. மைதாவும் முட்டையும் எண்ணெயும் வாங்கியாரச் சொன்னேன். நம்ம தொழிலு பேசும்லா.

வாங்கியாந்தாரு. பெசைஞ்சு ஊற வச்சு, உருண்டை புடிச்சு, அவரு கண்ணு முன்னால வீசுனேன். ரெண்டாவது வீச்சுல மாவுக்கு அந்தப் பக்கம் அவரு மூஞ்சி தெரிஞ்சுது. அப்படி வீசுனேன். கோழி சால்னா வச்சுக் குடுத்தேன். ஒம்பது பரோட்டா, அண்ணாச்சி. ஒம்பது. கையைக் கழுவிட்டு வந்து என்னைக் கட்டிப் புடிச்சாரு. "யூ ஆர் நோ கேப்டன். ஐ ரைட் டு ஜட்ஜ்"னாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

அதுலருந்து வியாழக்கெழமை வியாழக்கெழமை வருவாரு. மாவு மூட்டை, கோழி, ஜெனரேட்டருக்கு டீசல், எனக்குச் சட்டை கூட வாங்கியாந்தாரு. பட்டினி கெடந்திருப்பேன் அவரு இல்லேன்னா. மொதல்ல தனியா வந்தாரு, அப்புறம் மச்சினனைக் கூட்டியாந்தாரு, அப்புறம் கஸ்டம்ஸ்காரங்க. அந்தப் பித்தளைப் பலகைக்குக் கீழ மேசை போட்டுப் பரிமாறுவேன். பலகையைப் படிச்சுக் காட்டச் சொல்லுவாங்க, நான் நூத்திப் பதினெட்டுப் படகையும் அபிநயம் புடிச்சுச் சொல்லுவேன். எங் கேசை விசாரிக்குத ஜட்ஜே ஒரு தடவை வந்தாரு, நம்புவீங்களா? ஏழு சாப்பிட்டாரு. சாப்பிட்டு, தலைல கைய வச்சு ஏதோ ஆசீர்வாதம் மாதிரி சொன்னாரு. கேசை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சாங்க. பாவம், அவருக்கு அம்புட்டு வேலை. ஃபைலு என்னாச்சு சார்னு கமால் சார்ட்ட கேட்டா, நெக்ஸ்ட் வீக், இன்ஷா அல்லாம்பாரு. ஒரு நாள் கூட மூஞ்சியச் சுளிக்க மாட்டாரு.

ரெண்டாவது வருசம் மாலுமிக சங்கத்துலருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்துச்சு. சாதாரண ஊழியனா இருந்தா ஒடனே ஊருக்கு அனுப்பிருவோம், நீங்க கேப்டனா சமையக்காரனான்னு விசாரிக்கணும்னுச்சு. நான் அடுப்படியைக் காட்டுனேன், என் கையைக் காட்டுனேன். தலையாட்டிக்கிட்டே வந்துச்சு. நல்லாத்தான் போயிட்டு இருந்தது. அப்புறம் அந்த ரூம்புக்குள்ள நொழைஞ்சு பலகையைப் படிச்சுச்சு. கடைசி வரி வரைக்கும் படிச்சுச்சு.

அது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கீழ ஒரு சாண் எடம் காலியா இருந்துச்சுன்னு சொன்னேம்லா. மொத வருசம் பொழுது போகாம, ஒரு ஆணிய வச்சு நான்தான் ஒரு வரி கீறி வச்சிருந்தேன். இங்கிலீசுல. எஸ். சுடலைமணி, மாஸ்டர். நாளைக்கு யாராவது பாத்தா நானும் இதுல இருந்தேன்னு தெரியணும்லா? முப்பது வருசம் ஓடுன கப்பல்ல கடைசி ஆளு நான்தான. அந்தம்மா அதைப் போட்டோ புடிச்சுட்டு, "நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே"ன்னு போயிட்டு. படிச்ச பொம்பளைக்கு ஒரு பரோட்டா மாஸ்டரைப் பாத்தாத் தெரியாதா? அவ்வளவு படிப்புப் படிச்சு என்ன பிரயோசனம்.

இது கங்கைகொண்டான்தான? ஆமா, இன்னும் கொஞ்ச நேரந்தான்.

மூணாவது வருசம் கமால் சார் தம்பிக்குக் கல்யாணம். இருநூறு பரோட்டா கேட்டாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? அன்னைக்குன்னு பாத்து அலை. கல்லு சரிஞ்சு சால்னாச் சட்டி மேல இடிச்சு, கொதிக்குத எண்ணெயோட எங் கையில கொட்டிட்டு. இந்தா பாருங்க, முழங்கை வரைக்கும். கமால் சார் தானே தூக்கிப் படகுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. மூணு வருசத்துல மொத மொத கரைக்கு வந்தேன், அதுவும் ஸ்ட்ரெச்சர்ல. மண்ணுல கால் பாவலை. டாக்டர் கைய சுத்திக் கட்டிட்டு, ஆறு மாசத்துக்கு இந்தக் கையால மாவு பெசைய முடியாதுன்னாரு. அதைக் கமால் சாருதான் எனக்கு இங்கிலீசுல சொன்னாரு. சொல்லிட்டு எங் கைக்கட்டையே திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மனுசனுக்குத் தாங்கலை.

அதுக்குப் பதினாலாம் நாள் பாஸ்போர்ட் எங் கைல இருந்துச்சு. டிக்கெட்டோட. எங் கையைப் பாத்து அவரு மனசு எளகிட்டு, ஜட்ஜ்ட்ட போயிப் பேசி முடிச்சுட்டாரு. இதுல எனக்கு ஒரு சந்தேகமும் கெடையாது.

வந்தேன். நாப்பத்தோரு நாள் ஆகுது வந்து. செண்பகம் தேறி வந்த கையைப் பாத்து அழுதா, சோறு ஊட்டுனா, எல்லாம் சரிதான். புள்ள வரலை, அண்ணாச்சி. என்னைக் கண்டா கட்டிலுக்கு அடியில போயிருது. நான்தாம்மா அப்பாங்கேன், போனைக் காட்டி "அப்பா அதுல இருக்காங்க"ங்கு. பொறந்ததுலருந்து அதுலதான என்னைப் பாத்திருக்கு. ஒரு நாள் நான் குளிச்சிட்டு வாரேன், அது எம் போனைக் காதுல வச்சுக்கிட்டு, "அப்பா, வீட்ல ஒரு மாமா இருக்காங்க"ன்னு சொல்லிட்டு இருக்கு. யாருட்ட? சுவிச்சு ஆப் ஆன போனு. நான் ஈரத் துண்டோட அப்படியே நின்னேன்.

பழைய கடைல வேற ஆளு நிக்கான். வாரும் மாஸ்டர்னு டீ குடுத்தானுவ, கல்லு குடுக்கலை. இதுக்கு நடுவுல கமால் சார் வாரா வாரம் போன் பண்ணுவாரு. எடுத்ததும் "ஹேண்ட் ஓகே?"ம்பாரு. சுகமான்னு கூடக் கேக்க மாட்டாரு, மொதல்ல கையத்தான் கேப்பாரு. கூடப் பொறந்தவன் கூட அப்படிக் கேக்க மாட்டான். டாக்டர் ஆறு மாசம்னாரு, ஆனா ரெண்டு மாசத்துக்குள்ளயே தேறிட்டு. போன வாரம் கை நல்லா வந்துட்டுன்னு ஒரு உருண்டையை வீசி வீடியோ எடுத்து அனுப்புனேன். மறுநாளே விசா வந்துட்டு. அந்தக் கப்பலைத் துறைமுகமே எடுத்து, கரை ஓரமாக் கட்டி, பெயிண்டடிச்சு ஓட்டலாக்கியிருக்காங்களாம். பலகையைக் கூட கழட்டலையாம். நான் கேப்டன் ரூம்புலயே தங்கிக்கிடலாமாம். பாஸ்போர்ட் மட்டும் பத்திரமா அவரு பீரோவுல இருக்கும். விசாவுல என்ன வேலைன்னு போட்டுருக்குன்னு பக்கத்து வீட்டு வாத்தியாரைப் படிக்கச் சொன்னேன். மாஸ்டர்னு போட்டுருக்காம். இந்தத் தடவை சரியாத்தான போட்டுருக்கான்?

இதைச் சொன்னதும் செண்பகம் உள்ள போயி மூணு வருசக் காலண்டரையும் எடுத்துட்டு வந்துட்டா. நான் போன்ல சொன்னதை எல்லாம் கட்டங்கட்டமா எழுதி வச்சிருக்கா. எந்த வியாழக்கெழமை யாரு வந்தா, எத்தனை பேரு சாப்பிட்டா. விரலை வச்சுக் காட்டுதா. கை வெந்தது இந்தக் கட்டம், விட்டது இந்தக் கட்டம், இடையில ரெண்டு வியாழன்னா. அப்புறம் சொல்லுதா, "ஒங்களை அந்தப் பேப்பரு அடைச்சு வைக்கலைங்க. ஒங்க பரோட்டா அடைச்சு வச்சது. கை வெந்ததும் தூக்கிப் போட்டான், கை ஆறுனதும் கூப்புடுதான். புள்ள ஒங்களை அடையாளம் கண்டுக்கிட இன்னும் ரெண்டு மாசம் ஆகுமா, இருங்க. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

ஒரு மனுசன் எம் மேல வச்ச பிரியத்தை இப்படியா பேசுதது? எங் கைப்பக்குவத்தைப் போயி குத்தம் சொல்லுதாளே. நான் கோவத்துல சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். இவ்வளவுதான் அண்ணாச்சி வழக்கு. தாழையூத்து வந்துட்டு. நீங்க சொல்லுங்க.

தப்பா இருந்தாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிடுதது? ரெண்டு வியாழன்னா ரெண்டு வியாழன்தான். அது எனக்கும் தெரியும். எண்ணத் தெரியாதவனா நான்.

இருங்க, போன் அடிக்கு. அவதான்.

ம், சொல்லு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்பிட்டு. இல்ல, எறங்கலை. இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லுதேம்லா. எதுக்கு அழுத? யாரு? யாரு பேசணுங்கா? குடு.

தாயி.

ஆமா தாயி. அப்பாதான். அப்பாதான் பேசுதேன். சாப்பிட்டேன் தாயி. நீ என்ன சாப்பிட்ட? அந்த மாமாவா? அந்த மாமா போயிட்டாங்க தாயி. நீ வெளிய வந்து வெளையாடு. வாரேன். சீக்கிரம் வாரேன். வச்சிரட்டுமா? வச்சிருதேன்.

கேட்டுதா ஒங்களுக்கு? அப்பான்னுட்டா. நாப்பத்தோரு நாள் ஒரே வீட்டுக்குள்ள கெடந்தேன், ஒரு தடவை சொல்லலை. வண்டி ஏறி ஒரு மணி நேரம் முழுசா ஆகலை, அப்பா எப்ப வருவீங்கன்னு கேக்கா. கட்டிலுக்கு அடியிலருந்து வெளிய வந்துட்டாளாம். கொரலைக் கேட்டீங்களா, என்ன சந்தோசம் அதுல. இனி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. புள்ளையே தீர்ப்பு சொல்லிட்டு. நான் தூரத்துல இருந்தாத்தான் அவளுக்கு அப்பன்.

எதுக்கு எந்திரிக்கீங்க? நான் எறங்கதுக்கு வழி விடுதீங்களா? வேண்டாம், உக்காருங்க. கண்டக்டர் விசிலடிச்சிட்டான். நாகர்கோவில் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம்.